மறுமொழி: கேமரா தோள்பையோட ‘ஷோல்டர் பேடு’க்கு தமிழ்ல என்ன? நான் சும்மாடுன்னு சொல்றேன்

வணக்கம் எல்லாருக்கும்,

கேமராப் பை பத்தின நம்ம தமிழ்க் கையேட்டுக்கு சொல்லு தேடுற இந்த உரையாடல் இழையில, பைய தோள்ல மாட்டுற ‘ஸ்ட்ராப்’புக்கு தோள்பட்டைன்னு முடிவு பண்ணிட்டு, அந்த ஸ்ட்ராப்புல தோள் படுற எடத்துல வர்ற ‘ஷோல்டர் பேடு’க்கு தோள்பட்டை மெத்தைன்னு போட்டுடலாம்னு போற போக்குல சொல்லிட்டீங்க. கொஞ்சம் பொறுங்க. தோள்பட்டைங்கிறது ஏற்கெனவே நம்ம ஒடம்புல ஒரு இடத்தோட பேரு, தோள்பட்டை வலிக்குதுன்னு தெனமும் சொல்ற சொல்லு அது. கேமராப் பை பத்தி எழுதுற எந்தக் கட்டுரையிலயும் இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரத்தான் செய்யும், அப்போ தோள்பட்டை தோள்பட்டைய அறுக்குதுன்னா எழுத முடியும்? ஸ்ட்ராப்புக்கு வார்னு நல்ல சொல்லு கையில இருக்கு. செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு இன்னிக்கும் சொல்றோம், பெல்ட்டுக்கு இடைவார்னு எழுதுறோம், அதனால தோள்வார். இதுல யாருக்கும் பெருசா மறுப்பு இருக்காதுன்னு நெனைக்கிறேன், மேல போறேன்.

பேடுக்கு நான் முன்வைக்கிற சொல்லு சும்மாடு. தேவைப்பட்டா தோள்சும்மாடு.

நகரத்துலயே வளந்த தம்பி தங்கச்சிங்களுக்காக ஒரு வரி: தலையில குடமோ கூடையோ செங்கலோ தூக்குறதுக்கு முன்னாடி துணிய முறுக்கி வட்டமா சுருட்டி உச்சியில வெச்சுக்குவாங்களே, அதான் சும்மாடு. பழைய வடிவம் சுமடு. பெரும்பாணாற்றுப்படையில மோர் விக்கப் போற ஆயர் பொண்ணு பூஞ்சுமட்டு மேலதான் மோர்க்குடத்த வெச்சு எடுத்துட்டுப் போறா, அவ்ளோ பழைய சொல்லு, ஆனா இன்னிக்கும் கட்டட வேலை நடக்கிற எடத்துல காதுல விழுற சொல்லு. அது என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. சுமைக்கும் ஒடம்புக்கும் நடுவுல நின்னு கனத்த பரப்பி விடுது, சுமைய வழுக்காம புடிச்சுக்குது, சுமையோட வடிவம் ஒண்ணு நம்ம எலும்போட வடிவம் ஒண்ணுன்னு இருக்கிற இடைவெளிய நிரப்புது. பேடு செய்யிறதும் இந்த மூணு வேலையேதான், நாலாவதா ஒண்ணு இருந்தா சொல்லுங்க.

இது ஒரு சொல்லுக்காக மட்டும் நான் மல்லுக்கட்டுறதா நெனைக்காதீங்க, மெத்தைன்னு பேரு வெச்சா ஆளுங்க தப்பான பைய வாங்குவாங்க. கடையில போயி பேட கட்டைவிரலால அமுக்கிப் பாத்து, மெத்து மெத்துன்னு இருக்கு இதையே குடுங்கன்னு வாங்கிட்டு வர்றவங்க எத்தன பேரு. அந்த மாதிரி லூசான ஸ்பாஞ்சு கொஞ்ச நாள்லயே கனத்துல நசுங்கிப் போயி, அடியில இருக்கிற நைலான் வார் நேரா எலும்புல வந்து உக்காரும். நல்ல சும்மாடு இறுக்கமா முறுக்கினதாத்தான் இருக்கும், லூசா சுருட்டின துணி ஒரு குடத் தண்ணிக்கே அவுந்துடும்னு சும்மாடு கட்டுற யாரும் சொல்லுவாங்க. பேடும் அப்படித்தான், அகலமா, கொஞ்சம் வெறைப்பா, தோள் வளைவுக்கு ஏத்தமாதிரி வளையுறதா இருக்கணும், மென்மைங்கிறது அதுக்கெல்லாம் அப்புறம்தான்.

அண்ணன் ஒருத்தர் கேட்டிருந்தாரு:

> சின்ன கிட்டுக்கு எதுக்குப்பா பேடு, வெறும் வாரே போதுமே?

நியாயமான கேள்வி, கிட்டுன்னா கேமராவும் லென்ஸும் சேந்ததுதானே, கணக்கு போட்டே பாத்துடலாம் அண்ணா. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி5 கேமரா பேட்டரி கார்டு எல்லாம் சேத்து 557 கிராம், 18-55 ஜூம் லென்ஸ் 310, 35 எம்எம் எஃப்2 லென்ஸ் 170, ஆக 1,037 கிராம். உபரி பேட்டரி, துடைக்கிற துணி, கேபிள்னு போட்டா ஒண்ணேகால் கிலோ கிட்ட வரும். கேனான் 5டி மார்க் 4 காலத்துல கேமரா பாடி 890, 24-70 எஃப்2.8 லென்ஸ் ரெண்டாவது பதிப்பு 805, 70-200 எஃப்2.8 ஐஎஸ் லென்ஸ் ரெண்டாவது பதிப்பு 1,490ன்னு மூணு கிலோவுக்கு மேல தூக்கிட்டு அலைஞ்சவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லதான். ஆனா தோள்ல தொங்குறது கிட்டு மட்டும் இல்லையே. தடிச்ச கேன்வாஸும் தோலும் பித்தளைக் கொக்கியுமா இருக்கிற பையே ஒரு கிலோவுக்குப் பக்கமா வந்துடும், அதுல தண்ணி பாட்டில் ஒண்ணு போட்டா மூணு கிலோ. அதனால சின்ன கிட்டுக்காரங்க மொதல்ல பாக்க வேண்டியது வெறும் பையோட எடை. பார்க்க அழகா இருக்குன்னு கிட்டோட எடைக்கே ஒரு பைய வாங்கினா, லேசான கேமராவுக்கு மாறினதோட பலன் அங்கேயே போச்சு.

அடுத்தது அழுத்தம். ரெண்டு கிலோ 2 செ.மீ. அகல வார்ல தொங்குறதுக்கும் 5 செ.மீ. அகலத்துல தொங்குறதுக்கும் தோள் தாங்குற மொத்தக் கனம் ஒண்ணேதான், ஆனா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்குறது அஞ்சுல ரெண்டு பங்கா கொறஞ்சிடும். சும்மாடு இன்னும் அகலமா இருந்தா இன்னும் கொறையும், ஆனா ரொம்ப அகலமா போனா உள்பக்க ஓரம் கழுத்த ஒரசும், குறுகலான தோள் இருக்கிறவங்களுக்கு இது பெரிய தொந்தரவு, அதனால அவங்கவங்க தோள்ல போட்டுத்தான் பாக்கணும்.

இன்னொண்ணும் இருக்கு, இத யாரும் இழையில சொல்லல. பைய ஒத்தத் தோள்ல மாட்டினா அது வழுக்கிடாம இருக்க நாம தெரியாமலே அந்தப் பக்கத் தோள தூக்கிப் புடிச்சுக்குறோம், கழுத்துல இருந்து தோளுக்கு வர்ற ட்ரபீசியஸ் தசை அவ்ளோ நேரமும் இறுகியே இருக்கும், சாயங்காலம் கழுத்து வலிக்குதுன்னா கனத்தோட இந்த வேலைக்கும் அதுல பங்கு உண்டு. குறுக்கால போட்டா, அதாவது இடது தோள்ல இருந்து வலது இடுப்புக்கு வார் வந்தா, தூக்கிப் புடிக்க அவசியம் இல்ல. ஒத்தத் தோள்லதான் போடுவேன்னா வழுக்காத சும்மாடு இல்லாம போடாதீங்க.

வழுக்காததுன்னதும் சொல்லுவளம் பத்தி சொல்லணும். நல்ல கலைச்சொல்லுன்னா அதுல இருந்து வேற சொல்லு கிளைக்கணும். பேடுல ரெண்டு வகை இருக்கு, வாரோட சேத்து தெச்சு அசையாம இருக்கிறது ஒண்ணு, உறை மாதிரி இருந்து வார் உள்ள ஓடுறது ஒண்ணு. மொதல்ல சொன்னத நிலைச்சும்மாடுன்னும் ரெண்டாவத ஓடுசும்மாடுன்னும் சொல்லலாம். இந்த வித்தியாசம் வாங்குறவங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா முதுகுப் பக்கமா கெடக்குற பைய லென்ஸ் மாத்தறதுக்காக வயித்துப் பக்கம் இழுக்கும்போது நிலைச்சும்மாடு வாரோடயே நகந்து போயிடும், வெறும் வார் காறை எலும்புல வந்து பதியும். ஓடுசும்மாடு தோள்லயே இருக்கும், வார் மட்டும் ஓடும். தெருவுல நின்னு அடிக்கடி பைய தொறந்து மூடுறவங்க ஓடுசும்மாடு கேட்டு வாங்குங்க. பைய திறக்காம ஒரே எடத்துக்கு நடந்து போறவங்களுக்கு நிலைச்சும்மாடு போதும். நீட்டி விட்டா நீளுற, நியோப்ரீன்ங்கிற செயற்கை ரப்பர் வகைக்கு இழுவைச்சும்மாடுன்னு வெக்கலாம்னு தோணுது, நிக்கும்போது அருமையா இருக்கும், நடக்க ஆரம்பிச்சா பை மேலயும் கீழயும் குதிச்சுக்கிட்டே வரும், அதோட நம்ம ஊரு வேர்வையில நியோப்ரீன் தோள்ல ஒட்டிக்கும், எனக்குப் புடிக்காது.

இதுக்குத் தனிச்சொல்லு கட்டாயம் வேணுங்கிறதுக்கு இன்னொரு காரணம், இது தனிப்பொருளாவே விக்கிது. இங்கிலாந்து பில்லிங்காம் கம்பெனிக்காரங்க 1973ல மீன்புடி பை செஞ்சு ஆரம்பிச்சவங்க, அத கேமராக்காரங்க தேடி வாங்குறாங்கன்னு தெரிஞ்சதும் கேமராப் பை பக்கம் திரும்பினாங்க, அவங்க வார் அகலத்துக்கு ஏத்தபடி சும்மாட்ட தனியா விக்கிறாங்க. ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகையில படம் எடுத்த ஜிம் டோம்கே 1970கள்ல உருவாக்கின பை வரிசையில வேற யோசனை, பருத்தி வார் நெய்யும்போதே ரப்பர் இழைய சேத்துடுறாங்க, வார் சட்டைய கவ்விக்கும், தனிச் சும்மாடு இல்லாமலே வழுக்காது. இத தமிழ்ல கவ்வுவார்னு சொல்லிப் பாருங்க, ஒடனே புரியுது.

சேலை கட்டிக்கிட்டு விசேஷங்களுக்கு படம் எடுக்கிற அக்கா ஒருத்தங்க கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. முந்தானை இடது தோள்ல வர்றதால வார வலது தோள்ல போட்டு பைய இடது இடுப்புல விடுங்க அக்கா, தோள்ல இருக்கிற முந்தானை மடிப்பு மேல வார் ஏறாது. ரப்பர் கவ்வுற சும்மாடு பட்டுச் சேலைய இழுக்கும், அடிப்பக்கம் வழவழன்னு துணி வெச்ச ஓடுசும்மாடுதான் உங்களுக்கு. பையும் முன்னுக்குப் பின் தடிமன் கொறஞ்சதா பாருங்க, புடைச்ச பை இடுப்ப விட்டுத் தள்ளி நின்னு நடக்கும்போது ஆடும், ஒடம்போட ஒட்டிக்கிட்ட பை அதே கனத்துல லேசாத் தெரியும்.

இனி மத்த மறுப்புகளுக்கு வர்றேன்.

> சும்மாடு தலைக்குத்தானே?

தலைக்குத்தான், அதான் தோள்சும்மாடுன்னு முன்னாடி ஒரு சொல்லு சேக்கிறோம். மூட்டை எறக்குறவங்க தோள்ல துண்ட மடிச்சுப் போட்டுத்தான் மூட்டைய வாங்குறாங்க, கருத்து ஒண்ணுதான். பறவையோட கூடு மூக்குக்கண்ணாடிக் கூடு ஆகலையா.

> சுமைதாங்கி இன்னும் கம்பீரமா இருக்கே?

கம்பீரம்தான், ஆனா சுமைதாங்கி வழியோரத்துல இருக்கிற கல்லு. வழிப்போக்கர் சுமைய அது மேல எறக்கி வெச்சுட்டு இளைப்பாறுவாங்க. நம்ம பேடு சுமைய வாங்கிக்கறதில்ல, தாங்குறது நம்ம தோள்தான். அந்தச் சொல்லுல ஊரு நினைவும் துக்கமும் இருக்கு, புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணுங்களுக்காக நட்ட கல்லுங்க அதுல நெறைய, அத ஒரு ஸ்பாஞ்சுத் துண்டுக்கு குடுக்க எனக்கு மனசு வரல.

> தோளணை?

தலையணைய ஒட்டி வந்த சொல்லு, காதுக்கு இனிமையாவே இருக்கு, சும்மாடு ஏத்துக்கப்படலைன்னா என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா மெத்தைக்குச் சொன்ன குறை இதுக்கும் உண்டு, அணைன்னதும் மெத்துன்னு இருக்கணும்னு எதிர்பார்ப்பு வந்துடும்.

> கூலி வேலை செய்யிறவங்க சொல்ல நூல்ல எப்படிப் போடுறது?

இத எழுதினவர் மேல கோபம் இல்ல, ஆனா இந்தக் கருத்த நான் முழுசா மறுக்கிறேன். சுமைய ஒடம்புல எப்படி ஏத்தணும், எங்க தாங்கணும், எது நோகாதுன்னு நம்ம மொழியில யாருக்குத் தெரியுமோ அவங்ககிட்டதான் அதுக்கான சொல்லும் இருக்கும். வாழ்நாள் பூரா கல்லும் மண்ணும் சுமந்தவங்க ஒரு சொல்ல தேச்சுத் தேச்சு வெச்சிருக்காங்க. அத விட்டுட்டு அழுத்தத் தணிப்பு அட்டைன்னு நாம மேசையில உக்காந்து எழுதினா அது கையேட்டோட நின்னுடும், பை தெக்கிற கடைக்காரர் வாயில வராது. சும்மாட்ட கொஞ்சம் அகலமா வெச்சுத் தெச்சுக் குடுங்க அண்ணேன்னு சொன்னா அவருக்கு ஒடனே புரியும், இதவிட பெரிய தேர்வு ஒரு கலைச்சொல்லுக்கு வேற இல்ல.

தோளுக்கினியான்னு பைக்கே பேரு வெக்கலாமேன்னு கேட்டது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது. பெருமாள் கோயில்ல எழுந்தருளப் பண்ற சின்னப் பல்லக்குக்கு அந்தப் பேரு, யாரு வெச்சாங்களோ சுமக்கிறவங்க தோள நெனச்சு வெச்சிருக்காங்க. அந்தப் பேரு அங்கேயே இருக்கட்டும், ஆனா விமர்சனங்கள்ல ‘கேரி கம்ஃபர்ட்’டுன்னு எழுதுறாங்களே, அதுக்கு தோளினிமைன்னு சொல்லலாம். தோளினிமை நல்லா இருக்கு, ஜிப்புதான் சுமார்னு எழுதிப் பாருங்க, இயல்பாவே வருது.

உள்ள வர்ற விஷயங்கள சீக்கிரமா முடிச்சுடுறேன். பைக்குள்ள கேமராவயும் லென்ஸயும் வெக்கிற, வெளிய எடுக்கக்கூடிய ‘இன்சர்ட்’டுக்கு உள்கூடு. இது இருந்தா வீட்ல இருக்கிற ஜோல்னாப் பையக்கூட கேமராப் பை ஆக்கிடலாம், ஜோல்னாவோட வார் அகலத் துணியா இருக்கிறதால தோளினிமையில பல விலை ஒசந்த பைய விட நல்லாவே இருக்கும், மழை வந்தாத்தான் கஷ்டம். உள்ள அறை அறையா பிரிக்கிற ‘டிவைடர்’ருக்கு தடுப்புன்னாலே போதும். வெல்குரோவ வெல்குரோன்னே விடுங்க. மழையில நனைஞ்ச பையில இருந்து உள்கூட்ட தனியா எடுத்துக் காய வைக்கணும், ஈரம் நின்ன ஸ்பாஞ்சுக்குள்ள லென்ஸ மூடி வெச்சா பூஞ்சை புடிக்கும். பல நைலான் பைகளோட உள்பக்கப் பூச்சு புழுக்கத்துலயே வருஷக்கணக்கா கெடந்தா பிசுபிசுன்னு ஆகி உரியும், அதனால சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு காத்தோட்டமா வைங்க.

அப்போ கையேட்டுக்கு என் பக்கத்துல இருந்து தோள்வார், தோள்சும்மாடு, நிலைச்சும்மாடு, ஓடுசும்மாடு, கவ்வுவார், உள்கூடு, தோளினிமை. இழுவைச்சும்மாடு எனக்கே முழுத் திருப்தி இல்ல, நல்லதா யாருக்காவது தோணினா எழுதுங்க. வார் நீளத்த கூட்டிக் கொறைக்கிற அந்த பிளாஸ்டிக் சட்டத்துக்கு இன்னும் யாரும் சொல்லு தரல, பை தெக்கிறவங்க யாராவது உங்க தெருவுல இருந்தா அவங்க அத என்னன்னு கூப்பிடுறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அதுல இருந்தே ஆரம்பிப்போம்.

அன்புடன்