அலசி வைத்த கீரை இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிறது, என்ன செய்யலாம்?

திருச்சி அம்மா:
ஞாயிறு காலை உழவர் சந்தையில் அரைக்கீரை, சிறுகீரை, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வந்து, வார நாளில் நேரம் கிடைக்காது என்பதால் அன்றைக்கே நன்றாக அலசி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி பிரிட்ஜில் வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை எடுத்தால் அடியில் இருப்பதெல்லாம் கருத்து நாறுகிறது. பாதிக் கட்டு குப்பைக்குப் போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அழுகியதைத் தள்ளிவிட்டு மீதியைச் சமைக்கலாமா?

மாடித்தோட்டம்:
அலசி வைப்பதுதான் பிரச்சினை. இலை மேல் ஈரம் நின்றால் அழுகல் வேகமாகப் பரவும், கட்டாமல் திறந்து வைத்தாலோ உள்ளே இருக்கும் நீர் போய் வாடிவிடும், இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். வந்ததும் கட்டைப் பிரித்து, பழுத்ததையும் நசுங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணோடு இருக்கும் வேரை நறுக்கிவிட்டு, கழுவாமல் உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி காய்கறி டிரேயில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். சமைக்கும்போது மட்டும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் போதும். தக்காளி, வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம், பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம்.

ஒன்றிரண்டு இலை கெட்டிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைச் சமைக்கலாம். கட்டு முழுக்க வழவழப்பும் நாற்றமும் இருந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

மதுரைக்காரன்:
எங்கள் வீட்டில் எப்போதும் நியூஸ்பேப்பரில்தான் சுற்றுவோம், நன்றாகத்தானே இருக்கிறது?

மாடித்தோட்டம்:
ஈரத்தை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் மை ஒட்டும் தம்பி. உணவுப் பொருளை நியூஸ்பேப்பரில் சுற்றவே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விதிகளிலேயே இருக்கிறது. பழைய வேட்டித் துணி இருந்தால் கிழித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சமையல்:
பச்சைக் கீரையைப் பற்றியே பேசுகிறீர்கள், கடைந்த கீரையையும் கவனியுங்கள். மத்தியானம் வைத்ததை அப்படியே அடுப்பு மேல் விட்டு ராத்திரி சூடாக்கிக் கொடுக்காதீர்கள். கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டை வெளியில் கிடக்கும்போது பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், கைக்குழந்தைகளுக்கு அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே தடுக்கக்கூடும். மீதம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். குழந்தைக்கு அன்றைக்குச் சமைத்ததே நல்லது.

திருச்சி அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, இது எனக்குத் தெரியாது. முருங்கைக்கீரையும் இப்படித் துணியில் வைக்கலாமா?

பாட்டி சமையல்:
அதைக் கொப்போடு துணியில் மூட்டையாகக் கட்டி ராத்திரி வெளியிலேயே விடுங்கள், காலையில் உதறினால் இலை தானாக உதிரும், உருவுகிற வேலை மிச்சம். ஆனால் உதிர்ந்ததை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.