புதுப்பிப்பு: இருட்டுச் சமையலறையில் வெளிச்சம் வந்துவிட்டது

புதிதாக வாங்கிய வீட்டின் சமையலறை பகலிலும் இருட்டாக இருக்கிறதே, ஜன்னலைப் பெரிதாக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சுவரை இடிக்கவே வேண்டியிருக்கவில்லை!

குறை, விளக்கு இருந்த இடத்தில்தான். கூரை நடுவே ஒரே விளக்கு. மேடைப் பக்கம் திரும்பி நின்றால் என் நிழலே வெட்டுப்பலகையில் விழும். மேல் அலமாரிகளுக்கு அடியில், சுவரோரமாக இல்லாமல் முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை பொருத்தினோம். ஒளியின் நிறம் 4000 கெல்வின், அதாவது அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத வெள்ளை; நிறங்களை இயல்பாகக் காட்டும் திறனை 100-க்குக் கணக்கிடும் சிஆர்ஐ அளவு 90-க்கு மேல். இப்போது உரித்த பூண்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்கூடத் தெரிகிறது, காய்களின் நிறமும் மங்கவில்லை.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளை அடித்தோம். ஜன்னல் கண்ணாடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவியதும் பகல் வெளிச்சமே கூடிவிட்டது. அதை முதல் நாளே செய்திருக்கலாம். அலமாரிக் கதவுகளின் அடர்பழுப்பு மட்டும் பாக்கி. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.