மறு: ‘ஊது வார்ப்பு’ சரிதானா?

> பிளாஸ்டிக் பாட்டில், கேன் எல்லாவற்றையும் காற்றூதிச் செய்யும் முறைக்கு (blow moulding) ‘ஊது வார்ப்பு’ போதுமே. எதற்குப் புதுச்சொல்?

வணக்கம் ஐயா,

போதாது என்றே நினைக்கிறேன். வார்ப்பு என்றால் உருகியதை அச்சில் ஊற்றி நிரப்புவது. 5 லிட்டர் எண்ணெய் கேன் செய்யும் இடத்தில் யாரும் எதையும் ஊற்றுவதில்லை. பாலிஎத்திலீன் குருணையைச் சூடான உருளைக்குள் திருகுதண்டு தள்ளிக்கொண்டே போகும். 180 முதல் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகியது டை என்னும் துளைமுகம் வழியாக வெளியே வரும். முறுக்குப் பிழிகிற மாதிரிதான். ஆனால் டையின் நடுவே ஒரு தண்டு நிற்பதால் வருவது குழாய். தொழிற்கூடத்தில் அதற்குப் பாரிசன் என்று பெயர். தொங்கும் பாரிசனை அச்சின் இரு பாதிகளும் கவ்வும்போது அடிப்பக்கம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காற்றைச் செலுத்த, அது உப்பி, குளிர்நீரால் குளிர்ந்திருக்கும் அச்சுச் சுவரில் படிந்து இறுகும். கேனைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த ஒட்டுக்கோடு தெரியும்.

பாரிசனுக்குச் சொல் இல்லாமல் இதை எழுதவே முடியாது. ‘பிழிகுழல்’ என்று வைக்கலாமா? வினைத்தொகை என்பதால் நீட்டவும் வசதி: பிழிகுழல் தடிமன், பிழிகுழல் தொய்வு. இந்தத் தொய்வுதான் பெரிய தலைவலி. தன் எடையாலேயே குழல் இழுபட்டு மேல்பகுதி மெலிந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் குழல் இறங்க இறங்க டை இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

இந்த மடல் இழையில் இன்னொருவர் சொன்ன ‘முன்வடிவு’ (preform) நல்ல சொல், ஆனால் இங்கே வேண்டாம். சோடா பாட்டிலைப் பெட் (PET) பிளாஸ்டிக்கில் செய்யும் முறைக்கு அதை வைத்துக்கொள்வோம். அங்கே கழுத்துமரையோடு ஒரு தடித்த சிறு குழாயை முதலில் அச்சில் நிரப்பி எடுத்து, பிறகு சூடாக்கி, கம்பியால் நீட்டி ஊதுகிறார்கள்.

ஆக, ‘வார்ப்பு’க்குப் பதில் ‘வடிப்பு’ என்று வைத்தால், கேனுக்குப் ‘பிழிந்தூது வடிப்பு’, சோடா பாட்டிலுக்கு ‘நீட்டியூது வடிப்பு’.

---

(இழையில் மற்றொருவரின் மறுமொழி)

பிழிகுழலுக்கு என் ஓட்டு. ‘பிழி’ என்றால் சாறுதான் நினைவுக்கு வரும் என்று யாராவது கிளம்புவார்கள், முறுக்கைக் காட்டி விடலாம். ‘வடிப்பு’தான் இடிக்கிறது. கேன் செய்பவர் வாயில் அது நுழையாது. பிழிந்தூதல், நீட்டியூதல் என்று நிறுத்திவிட்டால் என்ன குறை?