நீதிமன்றப் பாதுகாப்பா, மன்றங்காவலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோர ஊர் நூலகங்களுக்காக நாம் தொகுத்துவரும் சட்டச் சொல்லடைவில், நீதிபதிகளின் உயிருக்கும் நீதிமன்ற வளாகங்களுக்கும் காவல் ஏற்படுத்தும் சட்டங்களை ‘நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்றே குறித்துவிடலாம் என்று திருவாடானை வழக்கறிஞர் ஐயா எழுதியிருந்தார். பழகிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்ற அவருடைய கேள்வி நியாயமானது. ஆயினும் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு சட்டத்துக்கு உரியதாகிவிட்டது.

நீதிபதிகள் (பாதுகாப்பு) சட்டம், 1985 என்பது நீதிபதியின் உடலுக்கு நேரும் ஆபத்தைப் பற்றிப் பேசும் சட்டமே அன்று. தம் பணியைச் செய்யும்போது ஒரு நீதிபதி செய்த செயலுக்காகவோ சொன்ன சொல்லுக்காகவோ அவர்மீது உரிமையியல் வழக்கையோ குற்றவியல் வழக்கையோ எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்பதே அதன் சாரம். 2021 ஜூலை 28 அன்று ஜார்க்கண்ட் மாநிலத்துத் தன்பாத்தில் காலை நடைப்பயிற்சிக்குச் சென்ற கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் ஆட்டோ மோதிக் கொல்லப்பட்டாரே, அவருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு துணையும் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்தக் கொலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது, நீதிமன்றங்களைக் காப்பதும் நீதிபதிகளைக் காப்பதும் என்று இரண்டையும் வழக்கின் தலைப்பிலேயே வைத்தது. வழக்கிலிருந்து காப்பது ஒன்று, வன்முறையிலிருந்து காப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நீதிபதிகளுக்குத்தான் 1985லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று படிப்பவர் அமைதியடைந்துவிடுவார். அந்தத் தவறான அமைதிதான் எனக்குக் கவலை தருகிறது.

கீழக்கரை ஆசிரியை அம்மையார் ‘நீதிமன்றக் காவல்’ என்று முன்மொழிந்தார். சொல் அழகியதுதான். ஆனால் நம் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு பதறாத மீனவக் குடும்பம் குறைவு. பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ கடலுக்குப் போன படகு பிடிபட்டு, மீனவர்கள் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால், நம் செய்தித்தாள்கள் அவர்கள் நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்கள் என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் ஏடுகள் அதையே ‘விளக்கமறியல்’ என்கின்றன. இந்தக் கரையின் பெண்கள் இரண்டு சொற்களையும் அறிவார்கள். ‘நீதிமன்றக் காவலை வலுப்படுத்தும் சட்டம்’ என்று நாம் எழுதினால், மறியலில் இருப்பவர்களுக்கு இன்னும் கடுமையான சட்டம் ஏதோ வந்துவிட்டது என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விளக்கமறியல் என்பதை நாமும் ஏற்றுக்கொண்டால் நீதிமன்றக் காவல் என்ற சொல் நம் புதுப்பொருளுக்குக் கிடைத்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியதைக் கருதிப் பார்த்தேன். ஆனால் காவல் நிலைய ஏடுகள் முதல் தீர்ப்புகள் வரை வேரோடிய வழக்கை நம் சொல்லடைவால் மாற்ற இயலாது.

காவல் என்று பொருள்படும் ‘ஏமம்’ என்ற பரிந்துரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கு அணியான ஐந்தனுள் ஒன்றாகத் திருக்குறள் அதைச் சொல்வது உண்மையே. ஆனால் இன்று அதைப் பேச்சில் வழங்குவோர் இல்லை. ‘அரண்’ உயிருள்ள சொல். காரங்காட்டு அலையாத்தி மரங்களை இயற்கை அரண் என்று நாமே எழுதுகிறோம். இருந்தாலும் அரண் என்றால் மதிலும் அடைப்பும் முன்னே வருகின்றன. யாரும் உள்ளே வந்து விசாரணையைப் பார்க்கலாம் என்பது நீதிமன்றத்தின் அடிப்படை நெறி. அதற்குள் கோட்டையை நினைவூட்டும் சொல்லைக் கொண்டுவர எனக்கு மனம் இல்லை.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘மன்றங்காவல்’. கல்வெட்டுகளில் பாடிகாவல் உண்டு. தென்பாண்டிப் பாளையங்களில் திசைகாவலும் தலங்காவலும் இருந்தன. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைச் சேதுகாவலர் என்று வழங்கிய மண் இது. இவற்றிலெல்லாம் காவல் என்பது ஓர் இடத்தையும் அங்கே வந்துபோகும் மக்களையும் காக்கும் பொறுப்பைக் குறித்தது. ‘மன்றக்காவல்’ என்றல்லவா வர வேண்டும் என இலக்கணம் கற்ற நண்பர்கள் கேட்கக்கூடும். மகர ஈறு (மன்றம் என்பதன் இறுதி ‘ம்’) கெட்டு வல்லெழுத்து மிகுவதையும், அந்த மகரம் வரும் வல்லெழுத்துக்கு இனமாகத் திரிவதையும் நன்னூல் ஏற்கிறது. தலங்காவல் இரண்டாவது வழியில் வந்த சொல். அந்த ஙகர ஒலிதான் நமக்குத் தேவையான வேறுபாட்டையும் தருகிறது. நீதிமன்றக் காவலோடு இது காதில் குழம்பாது. காவல் உரிமையின் பெயரால் பணம் பறித்தவர்களும் வரலாற்றில் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஊர்க்காவல் படை என்ற இன்றைய பெயரில் அந்தக் கறை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சொல்லை அயல்நாட்டுச் சட்டத்தின்மேல் வைத்துச் சோதிப்பது நல்லது. அமெரிக்காவில் 2005 பிப்ரவரி இறுதியில், தன் வழக்கைத் தள்ளுபடி செய்த சிகாகோ நீதிபதி ஒருவரின் வீட்டுக்குள் புகுந்த மனிதர் அவருடைய கணவரையும் தாயையும் கொன்றார். மார்ச் 11 அன்று அட்லாண்டாவில், விசாரணைக்காக அழைத்துவரப்பட்ட குற்றஞ்சாட்டப்பட்டவர் காவலரின் துப்பாக்கியைப் பறித்து, நீதிபதியையும் விசாரணையைப் பதிவுசெய்யும் ஊழியரையும் மன்றத்துக்குள்ளேயே சுட்டுக்கொன்றார். இவற்றின் பின்னணியில் உருவான சட்டம் 2008 ஜனவரியில் கையெழுத்தானது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஆயுதத் தடையை விரிவாக்கியது, நீதிபதிகளின் சொத்தின்மேல் பொய்யான பற்றுரிமை (கடனுக்கு ஈடாகச் சொத்தின்மேல் கோரும் உரிமை) பதிவுசெய்வதைக் குற்றமாக்கியது, மாநில நீதிமன்றங்களுக்கு நிதியுதவிக்கு வழிசெய்தது ஆகியவை அதன் பகுதிகள். இதை ‘மன்றங்காவல் மேம்பாட்டுச் சட்டம்’ என்று எழுதினால் பொருள் தெளிவாக நிற்கிறது.

சிகாகோவில் தாக்குதல் நடந்த இடம் வீடு. அந்தக் காவலுக்குப் பெயர் தேடினால் மறுபடியும் ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறோம். வீட்டுக்காவல் என்றால் வீட்டிலேயே சிறைவைப்பது. இதற்கு ‘மெய்க்காவல்’ என்ற பழஞ்சொல்லே போதும். கோயில் காவலரைத் திருமெய்க்காப்பு என்று கல்வெட்டுகள் அழைத்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். நீதிபதி எங்கே இருந்தாலும் அவரையும் அவர் குடும்பத்தையும் காப்பது மெய்க்காவல் என வரையறுப்போம்.

நம் நாட்டு நிகழ்வுகளுக்கும் இந்தப் பகுப்பு பொருந்துகிறது. 2021 செப்டம்பர் 24 அன்று தில்லி ரோகிணி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் உடையில் வந்தவர்கள் விசாரணைக் கைதியைச் சுட்டுக் கொன்றது மன்றங்காவலின் தோல்வி. தன்பாத் கொலை மெய்க்காவல் இல்லாத குறை. நீதிமன்ற வளாகங்களுக்கு நிலையான காவல் பிரிவும் எழுத்துவடிவிலான திட்டமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வழிகாட்டியதும், அதற்கு முன்பே 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் காவலை மத்திய தொழில் பாதுகாப்புப் படை ஏற்றதும் மன்றங்காவல் என்ற தலைப்பின்கீழ் வரும். உயர் நீதிமன்ற வழக்குக்காக மதுரைக் கிளைக்குச் செல்லும் நம் மாவட்டத்தார், வாயிலில் தங்கள் பையைச் சோதிப்பது எதற்காக என்பதைச் சொல்லடைவைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1985 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விலக்கைக் குறிக்க ‘வழக்குக்காப்பு’ என்று எழுதலாம். சட்டத்தின் முறையான பெயரை நாம் மாற்ற இயலாது. ஆகவே அந்தப் பதிவின் விளக்கத்தில், இது வழக்குக்காப்பு பற்றியது, மன்றங்காவல் பற்றியதன்று என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டுகிறேன்.

எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்காத இடம் ஒன்று உண்டு. 2020 ஜூலையில் நியூ ஜெர்சி நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டு வாசலுக்குப் பொட்டலம் கொண்டுவந்தவர்போல் வந்த ஒருவர் அவருடைய மகன் டேனியலைச் சுட்டுக்கொன்றார். அந்த மகன் பெயரிலான கூட்டாட்சிச் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது; நீதிபதிகளின் முகவரி முதலிய விவரங்களைத் தகவல் தரகர்கள் விற்பதை அது தடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘விவரமறைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். மறைப்பு என்றாலே குற்றத்தை மறைப்பது போன்ற சாயல் விழுகிறது. ‘முகவரிக்காப்பு’ தெளிவானதுதான், ஆனால் தொலைபேசி எண்ணும் பிள்ளைகளின் பள்ளியும் அதில் அடங்குவதில்லை. இதற்கு உறுப்பினர்களின் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன். மற்ற மூன்று சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
தேவிபட்டினத்திலிருந்து