புதிய தந்தி போட்ட யுகுலேலே தொளதொளக்கிறது: எந்தத் தந்தி வாங்குவது?

கல்லடிவாசி:
வணக்கம். எனது யுகுலேலேயில் (கிற்றார் போன்ற, நான்கு தந்திச் சிறு வாத்தியம்) ஒரு தந்தி அறுந்து, மற்றவையும் பழுத்துப் போனதால் நகரத்தில் புதிய தொகுதி ஒன்றை வாங்கி நேற்றிரவு நானே மாற்றினேன். கைப்பேசிச் செயலியில் பச்சை நிறம் வரும்வரை சுருதி சேர்த்தும் நான்கு தந்திகளும் தொளதொளவென்றே கிடக்கின்றன. அழுத்திப் பிடித்தால் கழுத்தில் பதித்த உலோகப் பட்டியில், அதாவது பிரெட்டில், உரசிக் கரகரக்கிறது, நாதமே எழும்பவில்லை. நான்காவது தந்தி தடித்திருப்பதால் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே நிற்கிறது. சனிக்கிழமை மச்சாள் கொழும்பிலிருந்து வருகிறார், அவரிடம் சொல்லி நல்ல தந்தி எடுப்பிக்கலாம். ஞாயிறன்று கரோல் பயிற்சி இருக்கிறது. எது நல்ல தந்தி என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

மருதமுனை வாசகர்:
எந்த அளவு யுகுலேலே என்று நீங்கள் எழுதவில்லை. சொப்ரானோ, கொன்சேர்ட், ரெனர், பரிடோன் ஆகிய நான்குக்கும் தந்தி ஒன்றல்ல. வாங்கிய தொகுதியின் உறையில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது, செயலியில் எந்தெந்தச் சுரங்களுக்குச் சேர்த்தீர்கள் என்பவற்றையும் சொன்னால்தான் பதில் சொல்லலாம்.

டச்பார் பாட்டுக்காரன்:
அளவைக் கேட்டு என்ன பயன்? நைலோன் என்றாலே தொளதொளப்புத்தான். எங்கள் வீட்டில் அப்பா காலத்து மண்டலினும் கிற்றாரும் இன்றும் உருக்குக் கம்பியில்தான் கணீரென்று ஒலிக்கின்றன. கிற்றார்க் கம்பித் தொகுதி ஒன்றை வாங்கி, மெல்லிய நான்கையும் எடுத்துப் போடுங்கள். கரோல் பாடும்போது கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்.

வாவிக்கரை மூத்தவர்:
தேடல் பெட்டி இங்கே அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. இதே கேள்விக்கு நான் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன், படிக்கத்தான் ஆளில்லை. எனினும் மீண்டும் சொல்கிறேன். நட்டிலிருந்து, மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரை வரை, தந்தி அதிரும் நீளத்தை அளக்க வேண்டும். சொப்ரானோ ஏறக்குறைய 33 முதல் 35 சென்ரிமீற்றர், கொன்சேர்ட் 38, ரெனர் 43, பரிடோன் 48 முதல் 51 வரை. இந்த ஓர் எண்ணைச் சொல்லாமல் தந்தி கேட்பது காலின் அளவைச் சொல்லாமல் சப்பாத்து கேட்பதற்குச் சமம்.

டச்பார் தம்பிக்கு: மண்டலின் உருக்குக் கம்பிக்கென்றே கட்டப்பட்ட வாத்தியம். யுகுலேலேயின் மேற்பலகை மெல்லியது, அதன் குதிரை பெரும்பாலும் பசையின் பிடியில் மட்டுமே நிற்பது. அதில் உருக்குக் கம்பியை ஏற்றச் சொல்பவர், குதிரை பெயர்ந்து வரும்போது அதை ஒட்டிக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.

பொத்துவில் அலை:
எனக்கு இது தந்தியின் குற்றமாகவே தோன்றவில்லை. புதிய நைலோன் தந்தி முதல் சில நாட்களுக்கு நீண்டுகொண்டேயிருக்கும், காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கியிருக்கும். மாரி காலத்து ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஏனெனில் நைலோன் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் யுகுலேலேயைக் கடற்கரை மணலிலேயே வைத்து வாசிக்கிறார்கள். அவர்களில் பலர் புளோரோகாபன் என்ற செயற்கை இழைத் தந்தி போட்டிருப்பதற்கு அது ஈரத்துக்கு அசையாததே காரணம். பொறுமையாக இழுத்து விட்டு, மீண்டும் மீண்டும் சுருதி சேருங்கள்.

மருதமுனை வாசகர்:
நீளும் தந்தி சுருதி இறங்கும், உண்மைதான். ஆனால் செயலி பச்சை காட்டும் அதே நேரத்திலேயே தொளதொளக்கிறது என்கிறாரே. சரியான சுருதியில் நிற்கும் தந்தி, நீண்டு முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், அந்த நேரத்தில் உரிய விறைப்போடுதான் இருக்க வேண்டும். கல்லடிவாசி, நான் கேட்டவற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: கம்பி சுற்றிய தந்தி அந்த ஒன்று மட்டுமா, அல்லது இரண்டா?

வாழைச்சேனைத் தூண்டில்:
கொழும்பு வரைக்கும் சொல்லியனுப்பத் தேவையே இல்லை. மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போய்த் தங்கூசி, அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நூல், ஒரு சுருள் வாங்கினால் குடும்பத்துக்கே தந்தி போடலாம். புளோரோகாபன் தந்தி என்று பெரிய விலைக்கு விற்கப்படுவதும் தூண்டிலில் கட்டும் அதே இழைதான். என் மருமகனின் யுகுலேலேயில் நான் போட்டது 40 இறாத்தல் தங்கூசி, இன்றுவரை ஒரு குறையுமில்லை.

வாவிக்கரை மூத்தவர்:
40 இறாத்தல் என்பது மீன் இழுத்து அறும் பாரம், தந்தியின் அளவு அல்ல. ஒரே 40 இறாத்தல் எழுதிய இரண்டு சுருள்களின் பருமன் இரண்டு விதமாக இருக்கும். தந்திக்கு வேண்டியது மில்லிமீற்றர். மேலும் நம் கடைகளில் தங்கூசி என்று கொடுப்பது பெரும்பாலும் நைலோன், அது புளோரோகாபன் அல்ல. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றாகிவிடாது.

வாழைச்சேனைத் தூண்டில்:
ஐயா, நாற்பது வருடமாகக் கடலில் இழை பிடித்த கைக்கு நைலோனும் புளோரோகாபனும் வித்தியாசம் தெரியாதா? நைலோன் இழுத்தால் கொடுக்கும், மற்றது கொடுக்காது. தண்ணீரில் போட்டால் நைலோன் மெல்லத் தாழும், புளோரோகாபன் விறுவிறென்று தாழும். சுருளின் உறையிலும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது விலை பற்றித்தான்.

பொத்துவில் அலை:
தங்கூசி தடை என்றல்லவா கேள்விப்பட்டேன்?

வாழைச்சேனைத் தூண்டில்:
தடை தங்கூசி வலைக்கு. தூண்டில் இழைக்கு இல்லை. யுகுலேலேக்கும் இல்லை.

அக்கரைப்பற்று பௌதிகம்:
தூண்டில் நானா சொல்வதில் அடிப்படை சரியே, மூத்தவர் மில்லிமீற்றரைப் பார்க்கச் சொல்வதும் சரியே. தண்ணீரை 1 என்று கொண்டால் நைலோனின் அடர்த்தி ஏறக்குறைய 1.14, புளோரோகாபனுடையது 1.78. அதே நீளத்தில், அதே சுருதியில், அதே இழுவிசை வேண்டுமானால் புளோரோகாபன் இழையின் விட்டம் நைலோனின் விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்காக இருந்தால் போதும், அதாவது 0.65 மில்லிமீற்றர் நைலோன் செய்யும் வேலையை 0.52 மில்லிமீற்றர் புளோரோகாபன் செய்யும். மெல்லிய இழை என்பதால்தான் அதன் ஒலி சற்றுத் தெளிவாகக் கேட்கிறது. சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு, கொன்சேர்ட் அளவின் வழக்கமான ஜி, சி, ஈ, ஏ சுருதிக்குப் புளோரோகாபனில் ஏ தந்தி அரை மில்லிமீற்றர் அளவிலும், ஈ 0.6ஐ அண்டியும், சி 0.75 முதல் 0.85 வரையிலும், மேல் ஜி, அதாவது உயர்ந்து ஒலிக்கும் நான்காவது தந்தி, 0.55 அளவிலும் இருப்பது வழக்கம். அதேவேளை, மீன் இழையில் பருமன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுபட்டால் மீனுக்கு அது தெரியப்போவதில்லை, பன்னிரண்டாம் பிரெட்டில் காதுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் எங்கே?

கல்லடிவாசி:
மன்னிக்கவும், பாடசாலையில் இருந்தேன். அடிமட்டத்தால் அளந்தேன்: 38 சென்ரிமீற்றர். உறையில் பரிடோன் என்று இருக்கிறது. செயலியில் அதே பெயரைத் தெரிவு செய்தேன், டி, ஜி, பி, ஈ என்று காட்டியது. கம்பி சுற்றியவை இரண்டு.

மருதமுனை வாசகர்:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

வாவிக்கரை மூத்தவர்:
நானும் அளக்கச் சொன்னேன். கொன்சேர்ட் யுகுலேலேயில் பரிடோன் தந்தி. கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். இந்தக் கேள்வி இழையை மூடலாம்.

அக்கரைப்பற்று பௌதிகம்:
எறிய வேண்டாம், மூடவும் வேண்டாம். பலருக்கும் பயன்படும் விடயம் இங்கேதான் இருக்கிறது.

ஒரே தந்தியின் இழுவிசை, அதிரும் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. பரிடோன் தந்தி 51 சென்ரிமீற்றர் நீளத்தில் டி, ஜி, பி, ஈ சுருதிக்கென்று செய்யப்பட்டது. அதே சுருதியை 38 சென்ரிமீற்றரில் வைத்தால், 38ஐ 51ஆல் பிரித்து வர்க்கமாக்கினால் ஏறக்குறைய 0.56 வருகிறது, ஆகவே உங்கள் தந்திகள் இப்போது தமக்குரிய இழுவிசையில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கின்றன. இழுவிசை குறைந்த தந்தி அகலமாக வீசி அதிரும், ஆதலால் பிரெட்டில் உரசுகிறது. விரலின் அழுத்தத்துக்கே சுருதி பிசகுவதும் அதனால்தான். செயலியின் பச்சை நிறம் சுரம் சரி என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சுரம் அந்த நீளத்துக்குப் பொருந்துமா என்பது அதற்குத் தெரியாது.

இப்போது இந்தக் கணக்கையும் பாருங்கள். பரிடோனின் மெல்லிய ஈ தந்தி செக்கனுக்கு 330 அதிர்வு; 51ஆல் பெருக்கினால் 16,830. கொன்சேர்ட்டின் ஏ தந்தி 440. 38ஆல் பெருக்கினால் 16,720. நான்காவது தந்தியில் 147ஐ 51ஆல் பெருக்க 7,497, 196ஐ 38ஆல் பெருக்க 7,448. நடுவிலுள்ள இரண்டும் இவ்வாறே அமைகின்றன. காரணம் எளியது: டி சுரத்திலிருந்து ஜி வரையுள்ள இடைவெளி நான்குக்கு மூன்று என்னும் விகிதம், நமது இசையில் சட்சத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள அதே விகிதம், 51க்கும் 38க்கும் உள்ள விகிதமும் ஏறத்தாழ அதுவே. எனவே உங்களிடம் இருக்கும் தந்திகளையே ஜி, சி, ஈ, ஏ என்று ஏற்றினால் அவை தமக்குரிய விறைப்புக்கு வந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்தத் தடித்த நான்காவது தந்தி 196 அதிர்வுள்ள கீழ் ஜிக்கு மட்டுமே. செயலியில் கொன்சேர்ட் என்று தெரிவு செய்தால் அது 392 அதிர்வுள்ள மேல் ஜியைக் கேட்கக்கூடும். அதுவரை முறுக்கினால் இழுவிசை நான்கு மடங்காகும். தந்தி அறுவது உறுதி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஜி, அதாவது லோ ஜி என்று தெரிவு இருந்தால் அதை எடுங்கள்.

வாவிக்கரை மூத்தவர்:
கணக்கு சரி. ஆனால் கீழ் ஜி போட்டால் அது யுகுலேலேயே அல்ல, சின்னக் கிற்றார். நான்காவது தந்தி மூன்றாவதை விட மேலே ஒலிப்பதுதான் அந்த வாத்தியத்தின் உயிர். மேலும் நட்டில் நான்காவது பள்ளம் அரை மில்லிமீற்றர் அளவிலான தந்திக்கு வெட்டப்பட்டது. சுற்றுத் தந்தி அதற்குள் இறங்காமல் நிற்பதை அவரே முதல் பதிவில் எழுதியிருக்கிறார். மூன்றாவது பள்ளம் சி தந்திக்காக அகலமாக இருப்பதால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

டச்பார் பாட்டுக்காரன்:
அரத்தால் பள்ளத்தை இரண்டு இழுப்பு இழுத்தால் முடிந்தது. கீழ் ஜி இருந்தால் பாட்டுக்குக் கீழே ஒரு தாங்கல் கிடைக்கும், கரோலுக்கு அதுதான் வேண்டும். யுகுலேலே அல்ல என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 1879இல் மதேராத் தீவுப் போர்த்துக்கேயர் ஹொனலுலுவுக்குக் கொண்டுபோன மச்செட்டே என்ற வாத்தியத்திலிருந்துதான் இது வந்தது. அதில் தந்திகள் கீழிருந்து மேலாக ஒழுங்காகத்தான் ஏறின.

வாவிக்கரை மூத்தவர்:
உடல் மச்செட்டேயிலிருந்து வந்தது. சுருதி ரஜாவோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்திலிருந்து வந்தது. பாதி வரலாறு சொல்லக் கூடாது. அரத்தை எடுக்க முன் இதையும் சொல்லுங்கள்: அகலமாக்கிய பள்ளத்தில் பிறகு மெல்லிய மேல் ஜியைப் போட்டால் அது இடம் கொள்ளாமல் அதிரும், புதிய நட்டு வேண்டிவரும்.

மருதமுனை வாசகர்:
கல்லடிவாசி, வாதத்தை விடுங்கள். மச்சாளிடம் "கொன்சேர்ட், ஜி சி ஈ ஏ, மேல் ஜி" என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். பொருள் பற்றிக் கேட்டால், வீட்டுக்குள் வாசிப்பதற்கு நைலோனே போதும். குடல் நரம்பின் அடர்த்தியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட வெள்ளை நிற நைல்கட், இத்தாலியின் அக்குயிலா நிறுவனத்துடையது, கிடைத்தால் மலிவான பெட்டிக்கும் நல்ல நாதம் தரும். கடற்கரையிலும் மழைக்காலத்திலும் சுருதி நிலைக்க வேண்டுமென்றால் புளோரோகாபன். சனி இரவு போட்டு ஞாயிறு வாசிப்பதானால், இரவே தந்திகளை மெல்ல இழுத்து விட்டுப் பல முறை சுருதி சேர்த்து வையுங்கள்.

பொத்துவில் அலை:
நீளும் என்று நான் சொன்னதும் அதுதான்.

கல்லடிவாசி:
நன்றி சேர், நன்றி எல்லோருக்கும். ஜி, சி, ஈ, ஏ என்று ஏற்றினேன், மூன்று தந்திகள் நன்றாக ஒலிக்கின்றன. நான்காவது பள்ளத்தில் ஏறி நிற்பதால் முதலாம் பிரெட்டில் சுருதி சற்று மேலே போகிறது, அரம் தொடவில்லை. கொன்சேர்ட், புளோரோகாபன், மேல் ஜி என்று மச்சாளுக்கு அனுப்பிவிட்டேன்.

வாழைச்சேனைத் தூண்டில்:
பரிடோன் தொகுதி மிஞ்சினால் எனக்குத் தாருங்கள். மருமகனுடையதும் 38 தான், அவனுக்குக் கீழ் ஜி பிடிக்கும். பதிலுக்கு 0.52 புளோரோகாபன் ஒரு சுருள் தருகிறேன். மில்லிமீற்றர் உறையிலேயே இருக்கிறது, ஐயா பார்க்கலாம்.

வாவிக்கரை மூத்தவர்:
0.52 ஏ தந்திக்கு மட்டும். சி தந்திக்கு என்ன போடுவீர்கள்?