டிராக் டியூப் கழன்ற ராத்திரி: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மதுரை அம்மா:
பையனுக்கு ஒன்றரை வயசு. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையில் 3.5 அளவு டிராக் டியூப். குறைமாசத்தில் பிறந்து வென்டிலேட்டரில் கிடந்ததில் குரல்வளைக்குக் கீழே சுருங்கிப்போனவன். ராத்திரி இரண்டரை இருக்கும், கரண்ட் இல்லை, மானிட்டரும் அணைந்து கிடந்தது. நான் கண் அயர்ந்துவிட்டேன். வயிற்றில் உதை விழுந்துதான் முழித்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால் வாயைப் பிளந்து அழுகிறான், சத்தமே இல்லை. காற்று குரல்வளைக்கு ஏறாமல் கழுத்து வழியே போய்விடுவதால் சத்தம் வராது, அது நமக்குப் பழகினதுதான். ஆனால் டியூப் கழுத்துக்கு வெளியே, அதைப் பிடித்துக் கட்டும் டையில் (நாடாவில்) தொங்குகிறது. புது 3.5 உள்ளே போகவில்லை, துளை அதற்குள் சுருங்கிவிட்டது. உதடு நீலம். தலைமாட்டுப் பையிலிருந்த 3.0-வைச் செருகினேன். புஸ்ஸென்று காற்றும் சளியுமாக என் கன்னத்தில் அடித்தது. நாலு மாசம் ஆகிறது, அந்த ஈரம் இன்னும் கன்னத்திலேயே இருக்கிறது.

சேலம் அப்பா:
டை தளர்வாக இருந்திருக்கும். டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும், அதுவும் பிள்ளையை உட்காரவைத்து, தலையைக் குனியவைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருக்கும்போது இறுக்கமாகத் தெரிவது குனிந்ததும் தளர்ந்துவிடும். எங்கள் மகளுக்கு ஒருமுறை சளி காய்ந்து டியூபே அடைத்துக்கொண்டது. சக்‌ஷன் கதீட்டர் (சளியை உறிஞ்சும் மெல்லிய குழாய்) இறங்கவில்லை, டியூபை மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம், கதீட்டர் நம்பர் டியூப் அளவைப்போல் இரண்டு மடங்கு, 3.5-க்கு 7. டியூப் நீளத்தைத் தாண்டித் தள்ளாதீர்கள், உள்ளே புண்ணாகும். வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள், 10 விநாடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் டியூபுக்குள் சலைன் விடுகிற பழக்கமும் வேண்டாம். பவுடர் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, தூள் டியூபுக்குள் போய்விடும்.

நாகர்கோவில் அம்மா:
அண்ணா, அவர் டை கட்டுவது எப்படி என்றா கேட்டார்? ஒரு விரல் கணக்கு எங்களுக்கும் தெரியும். வேர்வையில் ஊறின டை சாயங்காலத்துக்குள் நெகிழ்ந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். 3.0 கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததே, அதைச் சொல்லுங்கள்.
எனக்கு மறக்காதது வேறு. மூன்று வயசில் என் பொண்ணுக்குப் பேச்சு வால்வு மாட்டினார்கள், வெளிவிடும் மூச்சைக் குரல்வளைப் பக்கம் திருப்பிவிடுகிற சின்ன மூடி. இருமினாள், சத்தம் வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தாள். தன் சத்தம்தான் என்று தெரியாமல் பயந்து அழுதாள், அந்த அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. நர்ஸ் வால்வைக் கழற்றப் போனார், ஒரு நிமிஷம் இருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதுரை அம்மா:
சேலம் அண்ணா சொல்வதும் சரியாக இருக்கலாம். அன்று சாயங்காலம் டை மாற்றியது நான்தான். தூங்குகிறவனை எழுப்ப மனசு வராமல், படுத்தபடியே வைத்துக் கட்டினேன்.