காளான் கோப்பி, ஜிம் பவுடர், அப்பாவோட கிளினிக் குளிசை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மஸ்கெலியாக்காரன்:
அப்பாவுக்கு 64 வயசு, தேயிலை ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற எடத்துல 30 வருசத்துக்கு மேல நின்னவரு, போன வருசம் ஹார்ட் அட்டாக் வந்து கண்டியில ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைக்காம உள்ள வைக்கிற வலைக்குழாய்) வச்சாங்க. அதுல இருந்து அஸ்பிரின், குளோபிடோக்ரல், பிரஷருக்கு லொசார்டன், மாசா மாசம் கிளினிக்னு ஒழுங்காதான் போய்க்கிட்டு இருந்திச்சு. தீவாளிக்கு கட்டார்ல இருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு ஜிம் பவுடர் டின்ன கையில குடுத்து, பெரியப்பா இதுல ஆர்ஜினின்னு புரதத்துல வர்ற அமினோ அசிட் ஒண்ணு இருக்கு, ரத்தக்குழாய விரிச்சு விடும், ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதுன்னுட்டான். அதே வாரம் டவுன்ல இருந்து ஒரு அக்கா லயத்துக்கு வந்து ரெய்ஷி காளான் கோப்பி ஒரு பெட்டிய 8,500 ரூபாவுக்கு தலையில கட்டிட்டு போயிட்டாங்க. ஒண்ணு வெறும் புரதச் சத்து, ஒண்ணு காளான், என்ன வந்திடப்போகுதுன்னு காலையில கோப்பி, பின்னேரம் பவுடர். எனக்கும் தெரியும், நானும் ஒண்ணும் சொல்லல, அதான் இப்ப வயித்தெரிச்சல்.

மூணு வாரம் போயிருக்கும், அம்மாதான் மொதல்ல பாத்தாங்க, முழங்கைக்கு உள்பக்கம் கத்தரிக்கா கலர்ல ரத்தம் கட்டி நிக்குது, எங்கயும் இடிபட்ட ஞாபகமே இல்லேங்கிறாரு. அப்புறம் பல்லு வெளக்குறப்ப துப்புறதெல்லாம் செவப்பு. விடியக்காலம் எந்திரிச்சு வெளிய போக கதவ தொறந்தவரு கண்ணு இருட்டி அப்டியே செவத்த புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

இதுக்கு மேலதான் கூத்து. கிளினிக் குளிசைதான் சூடு, அதான் ரத்தம் வருதுன்னு குளிசைய நிப்பாட்டிட்டு காளான் கோப்பிய மட்டும் குடிக்கிறேன்னு ஒரே பிடி. அம்மா அழுது, நான் சத்தம்போட்டு, கடைசில டின்னு, பெட்டி, கிளினிக் கொப்பி எல்லாத்தையும் சொப்பிங் பேக்ல போட்டு கூட்டிட்டு போனேன். பிரஷர் 96/60. டொக்டர் டின்ன திருப்பி வாசிச்சிட்டு சொன்னாரு, ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே ரெண்டு குளிசை குடுத்திருக்கேன், ரெய்ஷியும் அதே பக்கம் இழுக்கக்கூடியது, ஆர்ஜினின் லொசார்டனோட சேந்து பிரஷர கீழ எறக்கும், ரெண்டையும் இன்னைக்கே விடுங்க, ஆனா என் குளிசைய நீங்களா நிப்பாட்டினா ஸ்டென்ட் அடைச்சுக்கும், அது உயிரோட வெளையாட்டு. இதே மாதிரி யாருக்காச்சும் நடந்திருக்கா?

நுவரெலியா பாமசி தங்கச்சி:
அண்ணே, நான் பாமசியில நிக்கிறவ, இது எங்களுக்கு வாரத்துக்கு ஒரு கேஸ். ஆர்ஜினின் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு பொத்தாம்பொதுவா சொல்றத கேட்டா எரிச்சல்தான் வரும். ஹார்ட் அட்டாக் வந்தவங்க 153 பேர வச்சு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, பாதிப்பேருக்கு ஆர்ஜினின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆர்ஜினின் குடிச்ச பக்கம் 6 பேர் செத்தாங்க, மத்தப் பக்கம் ஒருத்தரும் இல்ல, அதோட புதுசா ஆள் சேக்குறத நிப்பாட்டிட்டாங்க. 2006லயே வெளிவந்த விசயம் இது.
இன்னொண்ணு, காளானும் அமினோ அசிட்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுறத விட மூணாவதா இருக்கிற குளிசையோடதான் சண்ட போடும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குடிக்கிறவங்க ரெய்ஷிய தொடவே வேணாம், சீனி வருத்தத்துக்கு குளிசை போடுறவங்க கார்டிசெப்ஸ் காளானும் சேத்தா சீனி எறங்கலாம், மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவங்க டிரிப்டோஃபான்கிற அமினோ அசிட் பக்கமே போகக்கூடாது, ஒப்பரேசன் இருந்தா ரெண்டு வாரம் முன்னாலயே டொக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும். கிட்னி மாத்தினவங்க காளான் கெப்சூல் கேட்டு வந்தா நான் விக்கவே மாட்டேன், மொதலாளி மொறைச்சாலும் பரவாயில்ல.

பண்டாரவளை அக்கா:
எனக்கு நடந்தது வேற மாதிரி. தைராய்டுக்கு தைரொக்சின் குடிக்கிறேன், வெறும் வயித்துல தண்ணியோட குடிக்கணும்னு தெரியும், ஆனா 5 மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு புள்ளைகள ஸ்கூலுக்கு ரெடி பண்ற அவசரத்துல காளான் கோப்பியோடயே முழுங்கிடுவேன். கூடவே உடம்புக்கு தெம்புன்னு டைரோசின்கிற அமினோ அசிட் கெப்சூலும். ரெண்டு மாசத்துல டிஎஸ்எச் (தைராய்டு ஹோர்மோன் பத்தலைன்னா ரத்தத்துல கூடுற அளவு) ஏறிப்போச்சு, டோஸ் கூட்டவான்னு டொக்டர் யோசிக்கிறப்பதான் நர்ஸ் மிஸ்ஸி எதோட குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. காளான் கூட இல்ல, கோப்பியே தைரொக்சின உடம்புல சேர விடாதாம்! குறைஞ்சது அரை மணித்தியாலம், முடிஞ்சா ஒரு மணித்தியாலம் இடைவெளி விடணும். டைரோசின வச்சுதான் தைராய்டு ஹோர்மோனே உண்டாகுது, அதனால கேக்காம எடுக்காதீங்கன்னு அதையும் நிப்பாட்டிட்டாங்க. டோஸ் கூட்டாமலே சரியாச்சு.

ஹட்டன் பொடியன்:
நான் 26, ஒரு வருத்தமும் இல்ல, ஒரு குளிசையும் இல்ல, படிக்கிறதுக்காக லயன்ஸ் மேன் காளானும் தியனினும் எடுக்கிறேன். லயன்ஸ் மேன்னா எந்த லயத்து ஆளுடான்னு அம்மாயி கேட்டாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு கழுத்தெல்லாம் தடிச்சு அரிச்சப்ப எது செஞ்ச வேலைன்னே தெரியல, எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி ஒண்ண மட்டும் போட்டு ரெண்டு வாரம் பாத்தேன், தியனின் ஒண்ணும் செய்யல. காளான ஆரம்பிச்ச மூணாம் நாள் திரும்ப அரிப்பு, அதோட காளானுக்கு கும்பிடு. தியனின்கிறது தேயிலையில இருக்கிற அமினோ அசிட்தான் மச்சான், அம்மா மலையில பறிக்கிற கொழுந்துல இருக்கிறத நான் கொழும்புல காசு குடுத்து டின்ல வாங்கியிருக்கேன். கெப்சூல் ஒண்ணுல 200 மில்லிகிராம், ஒரு கப் பிளேன்டீயில அதுல கொஞ்சூண்டுதான் இருக்கும், அதனால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிடாதீங்க.

மஸ்கெலியாக்காரன்:
தங்கச்சி, அந்த 153 பேர் கதைய அப்பாகிட்ட அப்டியே வாசிச்சு காட்டினேன், பேச்சே இல்ல. கையில ரத்தக்கட்டு மஞ்சளாகி மறைஞ்சிடுச்சு, நேத்து பிரஷர் 118/76. மீதி கோப்பிய திருப்பி எடுங்கன்னு அந்த அக்காவுக்கு கோல் எடுத்தேன், பெட்டி ஒடச்சிட்டீங்களே தம்பின்னாங்க, அப்புறம் அதே மூச்சுல அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கான்னு கேக்குறாங்க.